காலையில் ஆடும் இயந்திரம்

மட்டாஞ்சேரியில் நான் எலக்ட்ரீசியனாக இருந்த டயர் ஒர்க்‌ஷாப்புக்கு வீல் பேலன்ஸிங் இயந்திரம் வந்தபோது, முதலாளி அதற்கென்று தனி அறை கட்டினார். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருக்கும். மனிதர்கள் வேலை செய்த இடத்தில் மழை ஒழுகிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் தலைக்கு மேல் மட்டும் புதுத் தகரம். காரின் சக்கரத்தை அதன் தண்டில் மாட்டி மூடியைச் சாத்தினால், சுற்றிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் எத்தனை கிராம் ஈயம் பொருத்த வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் எண் காட்டும். முதலாளி கும்பளங்கிக்காரர். ஊரிலிருந்து உறவினர்களைக் கூட்டிவந்து அதைச் சுற்றவிட்டுக் காட்டுவார். அவர்களும் மதம் பிடித்த யானையைப் பார்ப்பதுபோல் தள்ளி நின்று பார்த்துவிட்டு, சாயா குடித்துவிட்டுப் போவார்கள்.

அந்த இயந்திரத்தை இயக்கியவரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம். பதினைந்து வருடம் லாரி டயர் கழற்றி மாட்டியதில் முதுகுத்தண்டு போய்விட்டது. குனிந்தால் நிமிர யாராவது கைகொடுக்க வேண்டும். அதனால்தான் நின்றபடி பார்க்கும் இந்த வேலை அவருக்குக் கிடைத்தது. சக்கரத்தை மற்றவர்கள் தூக்கிக் கொடுப்பார்கள். அவர் நட்டை முறுக்கி, மூடியைச் சாத்தி, எண்ணைப் பார்த்து ஈயத்தைத் தட்டிப் பொருத்துவார். அது இல்லையென்றால் அவரால் செய்ய முடிகிற வேலை அந்த ஒர்க்‌ஷாப்பில் வேறு எதுவும் கிடையாது.

அங்கே ஆயுத பூஜை என் பொறுப்பு. என் அப்பா கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தவர். வருடம் தவறாமல் குப்பை வண்டிக்குச் சந்தனம் பூசி, பொரியும் கடலையும் உடைத்த வெல்லமும் கலந்து அதன் மேல் ஒரு கை தூவுவார். மலையாளம் படித்து வளர்ந்து, தமிழைக் கடைப்பலகைகளில் எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டவன் நான். குடும்ப வழக்கத்தில் எனக்கு மிஞ்சியது இந்தப் பொரி ஒன்றுதான். கம்ப்ரசர், ஜாக்கி, பேலன்ஸிங் இயந்திரம் என்று எதையும் விடாமல் தாராளமாகத் தூவுவேன். முதலாளிக்குப் பூஜையில் நம்பிக்கை கிடையாது, பொரியில் உண்டு. பாய் பூஜை முடியும்வரை வெளியே நிற்பார். முடிந்ததும் வந்து தன் பங்கை வாங்கிக்கொள்வார்.

அந்த வருடம் பூஜை முடிந்து, ஐப்பசியில் வரும் துலாமாத மழை தொடங்கியதும் இயந்திரம் உளற ஆரம்பித்தது. சக்கரத்தைச் சரிசெய்து அனுப்பிய கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. ஆலுவா தாண்டினால் ஸ்டியரிங் கதகளி ஆடுகிறது என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். முதலாளி ஒரே சக்கரத்தைப் பாயிடம் கொடுத்து மூன்று முறை மாட்டச் சொன்னார். முதல் முறை முப்பத்தைந்து காட்டியது. அடுத்தது பத்து. அதற்கடுத்தது அறுபது. இயந்திரம் வெளிநாட்டில் செய்தது, கை பாலக்காட்டில் செய்தது, பிழை எதில் இருக்கும் என்று முதலாளி எங்களையே கேட்டார்.

இயந்திரத்தை விற்ற கம்பெனி, காக்கநாட்டிலிருந்து ஓர் இன்ஜினீயரை அனுப்பியது. காலையில் வருவதாகச் சொன்னவர், வழியில் நல்ல மீன்கறிச் சாப்பாடு அகப்பட்டதோ என்னவோ, மத்தியானம் வெயில் சுள்ளென்று அடிக்கும்போது வந்து சேர்ந்தார். இயந்திரம் அந்த நேரத்தில் பரம சாது. இரண்டு பொத்தான்களை அழுத்தினார், ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், சட்டைக் கைமடிப்புக் கலையாமல் வேலையை முடித்தார். ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. இயக்குபவரின் கைப்பிழை என்று தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சாயாவுக்கும் நிற்காமல் போய்விட்டார்.

என் பங்குக்கு நானும் சும்மா இருக்கவில்லை. பாய் இப்போது எண்ணைப் பார்ப்பதில்லை, வானத்தில் பிறை பார்ப்பதுபோல் உத்தேசமாகப் பார்க்கிறார், கண்ணாடி வாங்கிக் கொடுங்கள் என்று சாயாக்கடையில் சொன்னேன். கடையே சிரித்தது. மறுநாள் கார் கொண்டுவந்த ஒருவரும் அதையே சொல்லிச் சிரித்தார். எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை முதலாளி முடிவைச் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து பாய் லாரி டயருக்கே திரும்ப வேண்டும். பாய் நேராக என்னிடம் வந்தார்.

“காலையில ஆடுது தம்பி, வெயில் ஏறினா அடங்குது. நான் இத எல்லார்கிட்டயும் பறஞ்சாச்சு. என் கை காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணாவா இருக்கும்? ஒருக்கா தொறந்து நோக்கு. லாரி டயர் எடுத்தா நான் தீர்ந்தேன்.”

எல்லாரிடமும் என்றால், என்னிடமும்தான். இரண்டு முறை சொல்லியிருந்தார். நான்தான் கண்ணாடி ஜோக்கைத் தயாரித்துக்கொண்டிருந்தேனே.

அன்று விடிந்ததிலிருந்து தூறல். இயந்திரம் நன்றாக உளறிக்கொண்டிருந்தது. பின்மூடியைக் கழற்றிச் சர்க்யூட் போர்டை வெளியே தெரிய வைத்துக்கொண்டு, எதிரே இருந்த பியூட்டி பார்லரில் தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கடன் கேட்டேன். யாருக்கு என்று அந்தச் சேச்சி கேட்டார். வழுக்கை முதலாளியைக் காட்டினேன். நம்பாமல்தான் கொடுத்தார்.

போர்டு முழுவதும் சூடான காற்றை அடித்துவிட்டு, அதே பழைய சக்கரத்தைப் பாயை மாட்டச் சொன்னேன். முப்பத்தைந்து. கழற்றி மீண்டும் மாட்டினார். முப்பத்தைந்து. மூன்றாம் முறையும் அதுவே. கையில் கோளாறில்லை, போர்டில் எங்கோ ஈரம் நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆறியதும், கண்ணாடியைத் துடைக்க ஊதுவதுபோல், போர்டின் ஒவ்வொரு மூலையிலும் வாயால் ஆவி ஊதி, ஊதும்போதெல்லாம் பாயைச் சக்கரத்தைச் சுற்றவிடச் சொன்னேன். மூன்று மூலைகளில் எண் அசையவில்லை. சக்கரத்தின் அதிர்வை அளக்கும் சென்ஸரின் வயர்கள் வந்து சேரும் நாலாவது மூலையில் ஊதியதும் எண் தாவியது.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வயர்களைப் பற்றவைத்த இரண்டு ஈயப் பொட்டுகளுக்கு நடுவே பழுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருந்தது. அதில் சிக்கிச் செத்த எறும்புகள் ஏழெட்டு. பக்கத்தில் ஊறி உப்பிப்போய், முழுதாக ஒரு பொரி.

மட்டாஞ்சேரியில் இயந்திரத்துக்குப் பொரி ஊட்டுகிற ஆள் நான் ஒருவன்தான். அந்தப் பொரி உள்ளே போன ஓட்டையும் என் கைவேலை. பூஜைக்கு முன்பு ஒரு வயரை இழுப்பதற்காக மேல்மூடி ஓட்டையை அடைத்திருந்த ரப்பரைப் பிடுங்கியவன், திரும்ப மாட்டவில்லை. வெல்லம் காலை ஈரத்தைக் குடித்து இளகி, போகக்கூடாத இடத்தில் மின்சாரத்துக்கு வழிவிட்டிருக்கிறது. வெயில் ஏறியதும் காய்ந்து நல்லபிள்ளையாகியிருக்கிறது. இன்ஜினீயரின் சட்டைக் கைமடிப்பைக் கிண்டல் செய்தவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பாய் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முதலாளி வாசலில். பொரியை நகத்தால் கிள்ளி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து மூலையைத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, ரப்பரை அழுத்தி மாட்டினேன். என்ன கோளாறு என்று முதலாளி கேட்டார். ஈரம் என்றேன். மழைக்காலத்து ஈரம், போர்டில் இறங்கியிருக்கிறது. அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலாளி உடனே அந்த அறைக்குக் கதவு போட்டார், இயந்திரத்துக்கு ஜலதோஷம் பிடித்துவிடாமல் இருக்க. பாயிடம் மன்னிப்புக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. லாரி டயர்ப் பேச்சு மட்டும் நின்றது. ஆனால் சக்கரம் சரியாக அமைந்தாலும் முதலாளி இன்னொரு முறை சுற்றிக் காட்டச் சொல்லத் தொடங்கியிருந்தார். வாடிக்கைக்காரர்கள் பாயைப் பார்த்ததும் கண்ணாடி வாங்கியாச்சா என்று கேட்டார்கள். நான் கிளப்பிவிட்டது என்னைவிட நன்றாக உழைத்தது.

அடுத்த வருடம் ஆயுத பூஜையன்று நான் பொரித் தட்டோடு அந்த அறைக்குள் போனபோது, பாய் முன்கூட்டியே வந்திருந்தார். இயந்திரத்தின் பின்புறத்தைப் பழைய மழைக்கோட்டால் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு நீ பாக்கெட்டுல போட்டத நான் கண்டேன் தம்பி,” என்றார், டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். “நீயா முதலாளிகிட்ட சொல்லுவியான்னு ஒரு வருஷமா காத்திருக்கேன். இப்பவும் அவரு என் கையத்தான் நோக்குறாரு.”

டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து ஒட்டினார். பிறகு தள்ளி நின்றார்.

“இனி பேடிக்காம, பயமில்லாம தூவு.”

மட்டாஞ்சேரியில் என் வாய்க்கு அஞ்சாத ஆள் கிடையாது. அன்று தட்டோடு நின்றேன். பூஜை முடிந்ததா, பொரி எங்கே என்று முதலாளி வெளியிலிருந்து குரல் கொடுத்தார். தட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். பாய் கதவருகே வந்து நின்றுகொண்டது தெரிந்தது. முதலாளிக்குப் பொரியைக் கொடுத்தேன். போன வருடத்துப் பொரியைப் பற்றிச் சொல்லாமல் திரும்பி வந்தேன்.