முழங்கையைக் காட்டுங்க

அரசு மதுக்கடையில் சூப்பர்வைசராகச் சேர்ந்த முதல் நாள், சுவரில் மாட்ட ஒரு போர்டு கொடுத்தார்கள். பகல் பன்னிரண்டுக்கு முன் திறக்கக் கூடாது. இருபத்தொரு வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. ஏற்கெனவே போதையில் இருப்பவருக்கு விற்கக் கூடாது.

"இம்புட்டுத்தான். இத மீறாம இருந்தா எனக்கும் தலைவலி இல்ல, உங்களுக்கும் இல்ல" என்றார் மேலாளர்.

கடை இருந்தது சிவகாசிக்கு வெளியே, பட்டாசுக் கம்பெனிகள் வரிசையாக உள்ள சாலையில். முதல் வாரமே ஒன்றைக் கவனித்தேன். ஒரு மணி சாப்பாட்டு நேரத்தில் கம்பி வலைக்குள் நீளும் கைகளில் சில வெள்ளி போல மின்னின. அலுமினியப் பவுடர். வெடிக்கு மருந்து செலுத்துகிறவர்களின் கை அது. குவாட்டரை வாங்கி, நின்றபடியே முடித்துவிட்டு, இரண்டு மணிக்கு அதே கை மருந்துக்குத் திரும்பிவிடும்.

போர்டில் இதைத் தடுக்க ஒரு வரியும் இல்லை. நானாக ஒன்று சேர்த்துக்கொண்டேன்: மின்னும் கைக்கு மத்தியானம் சரக்கு கிடையாது.

"கையைக் காட்டுங்க."

"எதுக்கு அண்ணாச்சி, ரேகை பாக்கப் போறீகளா?"

"ஆமா. உங்களுக்கு ஆறு மணிக்கு மேலதான் நல்ல நேரம்."

மூன்றே நாளில் எதிர் டீக்கடைக் குழாயடியில் கூட்டம் கூடியது. கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார்கள். நான் முழங்கையைப் பார்க்க ஆரம்பித்தேன். அவசரத்தில் கழுவுகிறவர் யாரும் முழங்கை வரை போவதில்லை.

காளிராஜ் என்ற தொழிலாளிக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னைக்கு முழங்கை, நாளைக்குச் சட்டையக் கழட்டச் சொல்வீக போல!" என்று கத்திவிட்டுப் போனவர், நான் சரக்கைப் பதுக்கி வைத்து விற்பதாகப் புகார் கொடுத்துவிட்டார். பதுக்கல் என்றால் சஸ்பெண்ட் நிச்சயம்.

மறுநாள் ஒரு மணிக்கே மேலாளர் விசாரணைக்கு வந்தார். காளிராஜையும் வரச் சொல்லியிருந்தார். காளிராஜின் பைக்கில் ஒரு பெண்ணும் வந்து இறங்கினாள். மனைவி மாரீஸ்வரி, அதே கம்பெனியில் வேலை; என்ன விசாரணை என்று பார்க்கக் கூடவே வந்திருந்தாள்.

மேலாளர் சரக்கு முழுவதையும் சரிபார்த்தார். ஒன்றும் குறையவில்லை. பிறகு என்னிடம் திரும்பினார். "சரக்கு இருக்கு, ஆளுக்கு வயசு இருக்கு, போதையில இல்ல. எந்த விதியில மறுத்தீங்க?"

முழங்கைக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "விதி எதுன்னு கேட்டேன்" என்றார்.

மாரீஸ்வரிதான் பேசினாள், என்னிடமில்லை, புருஷனிடம். "மத்தியானமா? டீ குடிக்கப் போறேன்னுல்ல தெனமும் சொல்லிட்டு வருவீக?"

காளிராஜ் பைக் சாவியைத் தடவினார்.

"சார், இவுக மருந்து செலுத்துற ரூமுக்கு அடுத்த ரூம்லதான் நான் திரி வச்சிக்கிட்டிருக்கேன். எங்கூட இன்னும் மூணு பொம்பளைக." பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, இன்னைக்குக் குடுத்துட்டீகளா?"

"இல்லம்மா."

மேலாளர் போர்டை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தார். பிறகு பேனாவைத் திறந்து எழுதினார்: 'புகார்தாரர் கேட்ட நேரத்தில், கேட்ட சரக்கு இருப்பில் இல்லை.' அத்தனை பெட்டிகளையும் சற்று முன்தான் அவரே எண்ணியிருந்தார்.

ஆறு மணிக்குக் காளிராஜ் வந்தார். கேட்பதற்கு முன்பே இரண்டு முழங்கைகளையும் வலையில் அழுத்திக் காட்டினார். "இப்ப ஸ்டாக் வந்துருச்சா அண்ணாச்சி?"

புதிதாகக் கடையில் வேலைக்குச் சேருகிறவர்கள் போர்டை மனப்பாடம் செய்யுங்கள். அது எல்லா ஊருக்குமாக எழுதியது. வாங்கியவர் எங்கே திரும்பிப் போகிறார் என்பதை அது கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும். அங்கே நான் இருந்த வரை, ஒன்றிலிருந்து இரண்டு வரை மின்னும் முழங்கைக்கு என் கடையில் ஸ்டாக் இருந்ததே இல்லை.