ஒரே மாதத்தில் நாலு குழாய்

மாரியக்கா கொடுக்காத வாக்குறுதியை அவள் பெயரால் நான் கொடுத்தேன். பொய் சொன்னேன், அதையும் மைக்கில் சொன்னேன்! இதை உங்களிடம்தான் முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கென்று ஒதுக்கிவிட, பீடி சுற்றும் மாரியக்கா துணிந்து நின்றாள். அவளுக்காக நானும் என் வகுப்புத் தோழன் தாவீதும் இறங்கினோம். அரசியலைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்தவர்கள்!

ஆகா, என்ன ஆனந்தமான நாட்கள் அவை! பசை வாளியோடு தாவீது வாய்க்காலில் விழுந்தான். நான் அக்காவின் படத்தைத் தலைகீழாக ஒட்டினேன். ஆட்டோவில் மைக்கைப் பிடித்தாலோ... என் குரலுக்கு நானே மயங்கினேன்.

அக்கா ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: “நம்மளால முடியுததை மட்டும் சொல்லுங்கலே.”

கடைசி நாள் கீழத்தெருவுக்குப் போனோம். அங்கே குழாயே கிடையாது; தண்ணீருக்கு ஆற்றுக்குத்தான் நடக்க வேண்டும். குடமும் இடுப்புமாக நின்ற பெண்களைக் கண்டதும் எனக்கு வேகம் வந்துவிட்டது.

“ஒரே மாதத்தில் இந்தத் தெருவுக்கு நாலு குழாய்! இது மாரியக்காவின் வாக்கு!”

குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. பக்கத்திலிருந்த அக்கா என் தொடையில் கிள்ளினாள். “ஏலே, நான் எப்பலே அப்படிச் சொன்னேன்?”

“சும்மா இரிங்கக்கா! ஓட்டு எப்படி விழப்போகுதுன்னு பாருங்க.”

விழுந்தது. வென்றாள்! தாவீது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான்.

மாதம் முடிந்தது. கீழத்தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு அக்கா வாசலுக்கு வந்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன்...

“கொழாய் எங்க? ஒரு மாசம்னு நீ சொன்னேல்லா?”

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. “ஆமா, சொன்னேன். கொஞ்சம் பொறுங்க, கொண்டாந்திருதேன்.”

‘அந்தப் பொய் என்னுடையது’ என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை! ஊரெல்லாம் முழங்கிய வாய் அப்போது ஏன் ஒட்டிக்கொண்டது?

அக்கா மனுவோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். ஒன்றரை வருடத்தில் குழாய் வந்தது. முதல் தண்ணீரை வாரி என் முகத்தில் அடித்துவிட்டு, அவள் சிரித்த சிரிப்பு! தெருவே நனைந்து கூத்தாடியது. நானும் ஆடினேன். அந்தக் கும்மாளத்தில் சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்தே மன்னித்திருப்பார்கள். சொன்னேனா? இல்லை.

அடுத்த தேர்தலில் அக்கா தோற்றாள்.

“நல்லவதான். ஆனா சொன்ன சொல்லுல நிக்க மாட்டாளே வே!” என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

நான் டீயைக் குடித்து முடித்துவிட்டு, பைய எழுந்து வந்தேன்.