குறுக்கே நின்ற கிரேன்

அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவள் ஏணியக்கா. வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனியில் வேலை. மொட்டை மாடியில் சின்ன டிஷ்ஷை நிறுத்தி, தூரத்துக் கோபுரத்தைப் பார்த்துத் திருப்பி முடுக்குவாள். வண்டியில் ஏணியும் வாயில் சிரிப்பும் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்பையே சோதித்துவிட்டது பாட்டு டீச்சர் வீட்டு இணைப்பு. டீச்சர் வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் பாட்டுச் சொல்லித் தருபவர். காலையில் ஒரு குறையும் இருக்காது. மதியச் சாப்பாட்டு வேளையில் மட்டும் பாட்டு பாதியில் அறுந்துபோகும், அதுவும் சில நாள்தான். ஏணியக்கா ஒயரை மாற்றினாள், பெட்டியை மாற்றினாள், டிஷ்ஷைக் கழற்றி மறுபடி முடுக்கினாள். ஒன்றும் வேலைக்காகவில்லை. பேய் கீய் பிடித்திருக்குமோ என்று டீச்சர் பாதி விளையாட்டாகக் கேட்டார்.

ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவோடு மாடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபுரம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை போகும் வழியைச் சுற்றிலும் கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும். அவள் பார்த்துக்கொண்டிருந்தபோதே, கட்டடம் எழும்பும் இடத்திலிருந்த கிரேனின் நீளக் கை காற்றில் மெல்லத் திரும்பி, கோபுரத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. மாடிக்குக் கீழே டீச்சரின் பாட்டும் நின்றது.

ஏணியக்காவுக்குச் சிரிப்புப் பீறிட்டது. அந்தக் கிரேனை ஓட்டுபவர் அவள் வீட்டுக்காரர்.

உடனே போன் போட்டாள். "ஏங்க, இத்தனை நாளா நான் தேடுற திருடன் நீங்கதானா?"

விஷயத்தைக் கேட்டு அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் கிரேனின் கையைப் பிடித்துக் கட்டிவைக்க முடியாது என்றார். சாப்பிட இறங்கும்போது அதைக் காற்றின் போக்கில் விட்டால்தான் பாதுகாப்பு. தவிர, கட்டடம் இன்னும் கொஞ்சம் உயர்ந்தால் அதுவே கோபுரத்தை மறைத்துவிடும்.

கம்பெனிக்குக் குன்றின்மேல் இன்னொரு கோபுரம் இருந்தது. நடுவே ஏகப்பட்ட மரங்கள். மாடியின் எந்த மூலையிலிருந்து வழி கிடைக்கும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"கொஞ்சம் இரு, மேல ஏறிப் பாத்துச் சொல்றேன்" என்றார் அவர்.

வேலை தொடங்குமுன் கிரேன் உச்சியிலிருந்து போனில் அவர் குரல் வந்தது. "தண்ணித் தொட்டி மூலை வேணாம், மரம் தட்டும். துணி காயுற பக்கம் வை. அங்கேருந்து குன்று வரைக்கும் ஒரு இலைகூட குறுக்க இல்ல."

டீச்சரே வந்து ஈரத்துணிகளை வாரிக்கொண்டு கொடியை அவிழ்த்தார். ஏணியக்கா டிஷ்ஷை இடம் மாற்றிக் குன்றுப் பக்கம் திருப்பினாள்.

மறுநாள் மதியம் கிரேனின் கை பழைய இடத்துக்கே வந்து நின்றது. பாட்டு நிற்கவில்லை. அவள் போனைக் கம்ப்யூட்டர் பக்கம் நீட்டி, சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரைக் கேட்கச் சொன்னாள்.

"சுதியே சேரலையே, டீச்சரா பாடுறாங்க?"

"மெதுவாப் பேசுங்க. அது கிளாஸ்ல சேந்து ரெண்டு நாள்தான் ஆன பொண்ணு."

வேலைக்கு மணி அடிக்கும்வரை அவர் போனை வைக்கவில்லை.