விசிலடிக்க ஒரு பிரிட்ஜு

சத்தியவேடு பக்கத்து ஆந்திர எல்லைக் கிராமத்தில், சொந்த நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவள் அலர்மேல்மங்கை. கல்யாணமான பிறகும் யாரோ ஒருவருடைய கடலைக்கொல்லையில் களை பறித்தாள். ஸ்ரீ சிட்டியில் தொழிற்சாலைகள் வந்தபோது, அதில் ஒன்று அவளை கேட் செக்யூரிட்டியாக எடுத்துக்கொண்டு, காக்கிச் சட்டையும் ஒரு விசிலும் கொடுத்தது. அதுவரை அவளை எல்லோரும் “ஏய்” என்றுதான் கூப்பிட்டார்கள். இப்போது அவள் ஊதினால் ஆள் நிறைந்த பஸ் நிற்கும். சைகை காட்ட இரண்டு கையும் வேண்டுமே, அதனால் விசிலை முன்பல்லிலேயே கவ்வியிருப்பாள்.

அந்த முன்பல்லில் ஒன்றைக் கமர்கட்டு கொண்டுபோனது. வாங்கி வந்தவன் புருஷன் எத்திராஜ். “ஊறவச்சுத் துன்னு, கடிக்காத” என்றான். அவன் கடிக்காதே என்றால் அவள் கடிப்பாள். மளுக்கென்று ஒரு சத்தம். கமர்கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் விசில் வாயில் நிற்கவில்லை. கையை மட்டும் ஆட்டினாள். பஸ் டிரைவர் ஒருவன் அவள் டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்து, பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து அழுதாள். எத்திராஜுக்குத் தெரிந்த வைத்தியம் புத்தூர் கட்டு ஒன்றுதான். அங்கே கூட்டிப் போனான். எலும்பு கட்டுகிறவர் அவள் வாயைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“கை காலுன்னா கட்டலாம் நைனா. வாய்க்குக் கட்டு போட்டா அந்தம்மா எப்படி சோறு துன்னும்? அப்பிடியே திருப்பதிக்கு பஸ் ஏறு.”

திருப்பதியில் பல் டாக்டர் பத்மினி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். “வேர் வரைக்கும் விரிசல் விட்டிருக்கு. அதை எடுத்துட்டு, ரெண்டு பக்கத்துப் பல்லையும் ராவி, மூணுக்கும் சேர்த்து பாலம் மாதிரி ஒரு பிரிட்ஜு மாட்டணும்.”

“உடைஞ்சது ஒண்ணு. பக்கத்துல சும்மா கீற பல்லை எதுக்கும்மா ராவறீங்க?” என்றாள் அலர்மேல்மங்கை.

“நடுவுல வர்ற பல்லை அதுங்கதான் தாங்கணும். ராவினாத்தான் அதுங்க மேல கிரவுன் உக்காரும்.”

“கிரீடமா?” என்றான் எத்திராஜ். “இனிமே வூட்ல நான் வாயே தொறக்க முடியாது.”

உடைந்த பல்லை எடுத்து, புண் ஆறிய பின் அளவும் எடுத்தார் டாக்டர். நிஜப் பிரிட்ஜு லேபிலிருந்து வரும்வரை தற்காலிகமாக ஒன்றை ஒட்டினார். “விசில் கிட்ட மட்டும் போகாதம்மா.”

அவளும் போகாமல்தான் இருந்தாள். ஒரு நாள் காலை, ரிவர்ஸில் வந்த பஸ் ஒன்று வரிசையாக நின்ற பைக்குகளை நோக்கிப் போனது. கத்திப் பார்த்தாள், கேட்கவில்லை. விசிலைக் கவ்வி ஒரே ஊது. பஸ் நின்றது. பிரிட்ஜு பறந்தது.

ஷிஃப்ட்டுக்கு வந்தவர்களெல்லாம் குனிந்து தேடினார்கள். சூப்பர்வைசர் வெங்கடசாமி ஓடிவந்தார்.

“இன்னா தேடிக்கினு கீறீங்க?”

“பல்லு சார்.”

ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு அவரும் பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். கடைசியில் அது பஸ் டயரின் இடுக்கில் கிடைத்தது.

நிஜப் பிரிட்ஜு மாட்டிய அன்று டாக்டரே, “எங்கே, ஊதும்மா பார்க்கலாம்” என்றார். இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து ஊதினாள். காத்திருந்த நோயாளிகள் எழுந்து நின்றார்கள். கீழே சாலையில் ஒரு ஆட்டோ பிரேக் போட்டு நின்றது. அலர்மேல்மங்கை கண்ணாடியில் பார்த்து, வாயைக் கையால் மூடாமல் சிரித்தாள்.

“கல்லு மாதிரி எதையும் இனிமே கடிக்கக் கூடாது” என்றார் டாக்டர். எத்திராஜ் வாயே திறக்கவில்லை.

இப்போது தொழிற்சாலையில் யாருக்குப் பல் வலித்தாலும் முதலில் கேட்டுக்குத்தான் வருகிறார்கள். பைகளைச் சோதிக்கிற டார்ச்சை வாய்க்குள் அடித்து, “ஆ காட்டு” என்கிறாள் அலர்மேல்மங்கை. எதைப் பார்த்தாலும் அவள் சொல்வது ஒன்றுதான்: “பிரிட்ஜு கேஸு. திருப்பதிக்குப் போ.”