மூன்றாவது ஹோடி

இது கதை இல்லை. 1933 கார்த்திகையில், மயிலாப்பூரில், என் வீட்டிலேயே நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நானும் பேய் என்றால் சிரித்தவன்தான்.

அதற்கு முன் ஆப்பிரிக்கக் கரையில், லாமுத் தீவில் குமாஸ்தாவாக இருந்தேன். கொடி சுல்தானுடையது. அதிகாரம் வெள்ளைக்காரனுடையது. உள்ளூர் வழக்கைத் தீர்ப்பது லிவாலி என்ற அரபு அதிகாரி. மூன்று எஜமானர்களுக்கும் எழுதிக் கை ஒடிந்தது எனக்கு. ஆனால் ஒரு மரியாதை எல்லோருக்கும் பொது. லிவாலியின் கச்சேரியானாலும் குடிசையானாலும் வாசலில் நின்று "ஹோடி" என்பார்கள். வரலாமா என்று அர்த்தம். உள்ளிருந்து "கரிபு", அதாவது வாருங்கள், என்று சொன்னால்தான் காலெடுத்து வைப்பார்கள். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். அந்திக்கு மேல் தெரியாத குரல் கூப்பிட்டால் வாயைத் திறக்காதே என்று கச்சேரிச் சேவகன் சலீம் எனக்குச் சொல்லியிருந்தான்.

என் மனைவி காமாக்ஷி அங்கே வந்ததே இல்லை. "அந்த ஊர்ப் பேச்செல்லாம் ஆத்துல வேண்டாம்" என்றுவிட்டாள். அதில் ஒரு வார்த்தைகூட அவள் காதில் விழுந்ததில்லை.

அன்று அவளுக்குக் கடுமையான ஜுரம். டாக்டரை அழைத்துவர ரிக்ஷாக்கார முருகையனை அனுப்பியபோது மாலை ஐந்து மணி. "சித்த கண்ணை மூடிக்கறேன். கதவைச் சாத்திடுங்கோ" என்றாள். சாத்திவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். வெளியே நல்ல மழை. இவள் பிழைத்தால் போதும் என்று பிள்ளையாரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

மணி ஏழேகால்.

"ஹோடி..."

தெருவாசலில் ஓர் ஆண் குரல். பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழக்கதோஷம். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மழைச் சத்தம் நின்றுபோயிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். மழை பெய்துகொண்டுதான் இருந்தது...

"ஹோடி..."

இப்போது கதவை ஒட்டி. கிராம்பு வாசனை அடித்தது. இன்னும் ஒரு தடவைதான். பேசாமல் இருந்தால் போய்விடும். வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஹோடி..."

வாசலில் இல்லை. காமாக்ஷியின் ஜன்னலுக்கு வெளியே.

பொத்திய கையை நான் எடுக்கவில்லை.

அறைக்குள்ளிருந்து அவள் குரல். நிதானமாக.

"கரிபு."

மழைச் சத்தம் திரும்ப வந்தது. அறைக் கதவைத் திறக்க எனக்குத் துணிவில்லை. பயத்தில் அழுதேன்.

"சாமி, டாக்டரு வந்துகீறாரு" என்று முருகையன் கதவைத் தட்டியபோது மணி எட்டு.

டாக்டர் அவள் கையைத் தூக்கிப் பார்த்தார். கை மடங்கவில்லை.

"கடைசியா எப்போ பேசினா?"

"ஏழேகாலுக்கு."

டாக்டர் என் முகத்தையே பார்த்தார்.

"இல்லை ஸார். உடம்பு விறைச்சுப் போயிருக்கு. உயிர் போய் மூணு மணி நேரம் ஆயிருக்கும்."