தீக்குள் ஓடியவளின் பச்சை ரவிக்கை

தியாகராய நகரில் ரவிக்கைத் துணி வாங்க வருகிறவர்கள் என் கடையைத் தாண்டிப் போக மாட்டார்கள். இதை நானே சொல்லக் கூடாதுதான். வேறு யார் சொல்வார்கள்? அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து, பாண்டி பஜார் நடைபாதையில் துணியைத் தோளில் போட்டு விற்றவன். இன்று மூன்று மாடியில் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறேன். சேலையை விரித்துக் காட்ட வேண்டாம், முந்தானை நுனி தெரிந்தால் போதும். கையை நீட்டி அதற்கான துண்டை உருவிப் போடுவேன். பச்சையில் மட்டும் அறுபது பச்சை என்னிடம் உண்டு. சந்தேகப்படுகிறவர்களைத் துண்டோடு வாசலுக்கு அனுப்பி வெயிலில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். அது எங்கள் தொழில் வழக்கம். போனவர்கள் சிரித்துக்கொண்டு திரும்பி வருவார்கள்.

கொஞ்ச நாளாகச் சிலர் சிரிக்காமலும் திரும்பி வந்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

என் வீட்டம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் முத்திப் போய்விட்டது. இன்னும் தள்ளினால் கண்ணில் அழுத்தம் ஏறும், அப்புறம் போன பார்வை போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று தடவை தேதி குறித்தோம். ஒரு தடவை ஆடி மாசம் என்றாள். ஒரு தடவை வீட்டு வாசலில் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கிறான், எப்படிப் போவது என்றாள். ஒரு தடவை காரணமே சொல்லவில்லை. அவளுடைய அம்மா அந்தக் காலத்தில் கண் ஆபரேஷனுக்குப் போய், சுவரைத் தடவிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். அந்தப் பயம். எனக்குத் தெரியும், அவள் சொன்னதில்லை. நாலாவது தடவையாக ஒரு வெள்ளிக்கிழமை குறித்தோம்.

அந்த வாரம் பார்த்துத்தான் சீரியலில் கல்யாண மண்டபம் தீப்பிடித்தது.

ஏழரை மணி சீரியல் அது. மகனிடம் கல்லாவை விட்டுவிட்டு ஏழு மணிக்கெல்லாம் மந்தைவெளி வீட்டுக்கு வந்துவிடுவேன். கதை கேட்க இல்லை. அவளுக்கு டிவியில் முகம் தெரியாது, பனி மூட்டத்தில் பார்ப்பது போலத்தான். "இப்ப வந்தது யாரு?" என்பாள். "மாமியார்" என்பேன். "மூஞ்சிய எப்படி வச்சிருக்கா?" என்பாள். "எப்பவும் போலத்தான்" என்பேன். இரண்டு வருஷமாக எனக்கு இதுதான் மாலை வேலை.

திங்கள்கிழமை சிலிண்டர் வெடித்தது. செவ்வாய்க்கிழமை அதே சிலிண்டரை வேறு வேறு பக்கத்திலிருந்து வெடிக்க வைத்தார்கள். புதன்கிழமை எல்லோரும் வெளியே ஓடி வந்துவிட, மாமியார் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டாள். இத்தனை நாள் அவளிடம் பாடுபட்ட மருமகள், தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தீக்குள் ஓடினாள். கூரை இடிந்து விழுந்தது. தொடரும் என்று போட்டுவிட்டான்.

"யாரு ஓடுனது? அவளா?" என்றாள் வீட்டம்மா.

அவள் விசும்ப ஆரம்பித்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "அவ என்ன ஆனான்னு தெரியாம நான் கண்ணக் கட்டிட்டுப் படுக்க மாட்டேன். டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிருங்க."

இதுவும் போச்சு. நாலாவது தடவை. ஆனால் என் கண் சும்மா இருக்குமா? உள்ளே ஓடியவளின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அரக்குப் பட்டு அதே பட்டுதான். ரவிக்கைதான் வேறு. நாத்தனாரின் கல்யாண மணவறையில் நிற்கும்போது அவள் போட்டிருந்தது ராமர் பச்சை. ஓடியவள் போட்டிருந்தது அதைவிடக் கறுத்த பாட்டில் பச்சை. சீரியல்காரர்கள் என்னிடமே துணி எடுக்கிறவர்கள், எனக்குத் தெரியாதா? தீயில் ஓடுவதற்கு டூப் போட்டிருக்கிறார்கள், டூப்புக்கு அவசரத்தில் எதையோ தைத்திருக்கிறார்கள். விஷயம் அவ்வளவுதான்.

அதை அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

"ஏட்டி, உள்ள போனது அவ இல்ல. ரவிக்கை வேற பச்சை. நான் பாத்தேன்."

அழுகை நின்றது. "நெசமாவா சொல்லுதிய?"

"கலர்ல நான் என்னைக்குத் தப்பு சொல்லியிருக்கேன்?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப அவ சேலையக் கட்டிக்கிட்டு வேற எவளோ போயிருக்கா. இவ எங்கயோ பத்திரமா இருக்கா." அதற்கும் தலையாட்டினேன். டூப் என்று ஒன்று உண்டு என்பதை அந்த நேரத்தில் நான் ஏன் ஞாபகப்படுத்த வேண்டும்?

வியாழக்கிழமை காலையில் பட்டினப்பாக்கத்து மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கும்போதே ஆரம்பித்தாள். "இன்னா நைனா, கல்யாண மண்டபத்துல அத்தினி சிலிண்டரு எதுக்கு வச்சிகினு கீறாங்க? அந்தக் கெய்விய உட்டுட்டு வந்திருந்தா இன்னா கொறஞ்சி போயிருக்கும்? எனுக்கு ராவெல்லாம் தூக்கமே இல்ல."

உள்ளேயிருந்து வீட்டம்மா, "அவ சாவல. உள்ள போனது வேற ஆளு. எங்க வீட்டுக்காரரு ரவிக்கைய வச்சே கண்டுபிடிச்சிட்டாரு" என்றாள்.

மீன்காரம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் அரை அடி உயர்ந்துவிட்டேன். "நீ சொன்னா கரீட்டா இருக்கும் நைனா" என்று வஞ்சிரத்தில் ஒரு துண்டு கூடப் போட்டுவிட்டுப் போனாள். போன தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். நான் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் மயிலாப்பூர் மாமி ஒருவர் கவுண்ட்டரில் காத்திருந்தார். பழைய வாடிக்கை.

"அண்ணாச்சி, ரவிக்கை வேறேன்னு நீங்க சொன்னேளாமே, வாஸ்தவமா? நேத்திக்கு எங்காத்துல ஒருத்தரும் சரியாச் சாப்பிடலை. காலம்பர கோவில்ல அந்தப் பொண்ணு பேருக்கு அர்ச்சனை பண்ணிண்டு வரேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். ஜாதகப் பொருத்தம் பார்த்த எபிசோட்ல ரோகிணின்னு சொன்னாளோன்னோ, அதையே சொல்லிட்டேன்."

"பயப்படாதீங்க மாமி. நான் சொன்னா சொன்னதுதான்."

"அப்படியே இதையும் பாருங்கோ" என்று பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். போன வாரம் நான் கொடுத்த மயில்கழுத்துக் கலர். வெயிலில் சேலையோடு ஒட்டவில்லையாம். சேலைச் சாயம் வெளுத்திருக்கும் என்று சொல்லி வேறு கொடுத்தனுப்பினேன். அந்த மாதத்தில் அப்படித் திரும்பி வந்த துண்டுகளில் அதுவும் ஒன்று.

அன்று மாலை சீரியலில் ஆஸ்பத்திரி வராண்டா. எல்லோரும் அழுதார்கள், டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், தொடரும். வீட்டம்மா அழவில்லை. மறுநாள் காலையில் தலையை வாரிக்கொண்டு தயாராக நின்றாள். ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னியன்னுதான் வாரேன்" என்றாள். இவ்வளவு பெரிய வியாபாரம் பண்ணியவன், அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்த மாதிரி எதற்கும் பயந்ததில்லை. சாயங்காலம் சீரியலில் அந்தப் பெண்ணின் போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்? என் வார்த்தையை நம்பித்தான் அவள் கத்தி வைக்கிற இடத்தில் படுக்கப் போகிறாள். அடுத்த கண்ணும் பாக்கி இருக்கிறது.

ஆபரேஷன் அரை மணி நேரம். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டோம். ஏழரை மணிக்கு வலது கண்ணில் கட்டோடு அவள் படுத்திருக்க, நான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் முகம் முழுக்கக் கட்டுப் போட்ட ஒருத்தி. விரல் அசைந்தது.

"பிழைச்சிட்டா" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்று திரும்பிப் படுத்தாள்.

அதன் பிறகு திரையில் நடந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. முகக் கட்டைப் பிரித்தார்கள். உள்ளே வேறு ஒரு பெண். கீழே ஒரு வரி ஓடியது, இனி இவருக்குப் பதில் இவர் என்று. பழைய நடிகை விலகிவிட்டாள், அதற்குத்தான் இத்தனை சிலிண்டர்.

சனிக்கிழமை காலையில் கண் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் காட்டிய எழுத்தையெல்லாம் கடகடவென்று படித்தாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். அந்தச் சந்தோஷத்தில் முக்கியமான விஷயத்தைச் சொல்ல மறந்துபோனேன். மாலையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து சீரியல் பார்த்தாள். சனிக்கிழமையும் உண்டு. மருமகள் வந்தாள். வீட்டம்மா கண்ணாடியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடியும் கழற்றினாள். என் முழங்கையை இறுகப் பிடித்தாள்.

"ஏங்க, டாக்டர் என்னத்தையோ மாத்தி வச்சிட்டாரு. குரல் கொஞ்சம் அவ மாதிரி இருக்கு, மூஞ்சி அவ மூஞ்சி இல்ல. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு."

நான் பதறிப்போய், நடிகையை மாற்றிவிட்டார்கள், டூப் போட்டார்கள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். நல்ல கண்ணால் பார்த்தாள். "டூப்புன்னு தெரிஞ்சேதான் சொன்னியளா?" என்றாள்.

"ஆமா."

திட்டுவாள் என்று நினைத்தேன். அதற்குள் டிவியில் பழையதைக் காட்ட ஆரம்பித்தார்கள். மணவறை, சிலிண்டர், தீக்குள் ஓடுகிற முதுகு. அவள் முன்னால் சாய்ந்து கவனித்தாள்.

"ரவிக்கை ரெண்டும் ஒரே பச்சைதான்" என்றாள்.

"வேற பச்சைம்மா."

"ஒரே பச்சை. ராமர் பச்சை. உங்க கடையிலதான் நாப்பது வருசமாக் கேட்டுட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அலமாரியிலிருந்து பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலையையும் ரவிக்கையையும் கொண்டுபோய் வாசல் வெயிலில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன். எனக்கு இரண்டும் ஒட்டித்தான் தெரிந்தது. அவள் இரண்டையும் தனித்தனியாக மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாமி திருப்பிக் கொடுத்த மயில்கழுத்து அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

போய்க் கண்ணைக் காட்டினேன், அதே டாக்டர்தான். எனக்கும் இரண்டு கண்ணிலும் புரையாம், ஆரம்பித்து வெகு நாளாகிறதாம். மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள் என்றார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டே ஊரை ஜெயித்தவன் நான், அதையும் எழுதிவிட வேண்டும்.

வருகிற வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். அதுவரை சாயம் பார்க்கக் கடைக்கு அவள்தான் வருகிறாள். வியாழக்கிழமை ஏழரை மணிக்கு நான் கட்டோடு படுத்திருப்பேன், யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று அவள் சொல்ல வேண்டும். நேற்று அதைப் பற்றிக் கேட்டேன்.

"சொல்லுதேன்" என்றாள். "என் வாய்க்கு வந்ததச் சொல்லுவேன். நீங்க நம்பிக்கிடணும்."