காதுக்குத் தப்பாத அடைப்பு

“திருச்சியில எந்தக் குழாய் அடைச்சாலும் என் காதுக்குத் தப்பி அடைக்க முடியாது சார். இந்தக் கம்பிய இன்னொருத்தர் காதுல வைக்கிற நெலமை வந்தா, அன்னிக்கு நிஜாமுதீன் கடையைக் கட்டிட்டான்னு வச்சுக்குங்க.”

இதைச் சொன்னபோது நிஜாமுதீன் பாய், ஸ்ரீரங்கத்தில் என் வாடகை வீட்டுக் கொல்லையில் குப்புறப் படுத்திருந்தார். அவருடைய இரண்டு முழ இரும்புக் கம்பியின் ஒரு நுனி, குழாய் புதைந்த தரைமேல். மரக்குமிழ் வைத்த மறுநுனி காதில். காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் குழாய் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. கேட்கும்போது மூச்சு விடமாட்டார். பக்கத்தில் நிற்பவரும் விடக்கூடாது.

“எந்த எடத்துல பாய்?” என்று ஊரே கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன். பாய் வாயால் பதில் சொல்வதில்லை. சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்துத் தரையில் பெருக்கல் குறி போடுவார். அங்கேதான் தோண்ட வேண்டும். குறி துவைக்கிற கல்லை ஒட்டி விழுந்ததால், மூன்றடி தள்ளித் தோண்டலாமே என்றேன்.

“சார் கதை எழுதுறவங்க. எங்க வேணா தோண்டலாம்.”

எடுத்த குழாயின் உள்ளே துரு ஏறி, சுண்டுவிரல் நுழையத்தான் இடம் இருந்தது.

“வழி குறுகுனா தண்ணி வேகம் புடிக்கும் சார். உஸ்ஸுன்னு சத்தம் போடும். போற வேகத்துல துருவப் பேத்து இழுத்துட்டுப் போயி சின்னக் குழாயில அடைச்சிடும். சத்தம் கேக்குறப்பவே சரி பண்ணிடணும். சத்தம் நின்னுட்டா குழாயே போச்சு.”

நான் ஆழ்ந்து தலையாட்டினேன். புரியாத விஷயத்துக்கெல்லாம் ஆழ்ந்து தலையாட்டித்தான் நான் அறிஞன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

சென்ற மாதம் டீக்கடையில் பாயின் வலது கையிலிருந்த கிளாஸ் தானாக நழுவியது. பேச்சு குழறியது. பத்து நிமிஷத்தில் இரண்டும் சரியாகிவிட்டன. “சூடு தாங்கல” என்று பாய் தீர்ப்பளித்தார். “பித்தம்” என்று நான் மேல்தீர்ப்பளித்தேன். ரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தினமும் மறக்கிறவன் என்ற தகுதி எனக்கு உண்டு. மறுவாரம் அதே கையிலிருந்து ரெஞ்சு விழுந்தது. பாயின் மனைவி ஜஹானாரா எங்கள் இருவருடைய வைத்தியத்தையும் நிறுத்திவிட்டு, அவரை டாக்டர் டோரதியிடம் இழுத்துப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

டாக்டர், பாயின் கழுத்தில் இடப்பக்கம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“உஸ்ஸுன்னு கேக்குது பாய். மூளைக்குப் போற ரத்தக் குழாய் குறுகியிருக்கு. அங்கேருந்து துணுக்கு பேந்து மேல போறதாலதான் கை விழுது. இதுவரைக்கும் திரும்பி வந்துடுச்சு. அடுத்த தடவை வராமலே போகலாம். கடிதாசி தரேன், உடனே மெட்ராசு பெரியாஸ்பத்திரிக்குப் போங்க.”

பாலக்கரையில் தன் வீட்டுக்கு வந்ததும் பாய் சிரித்தார்.

“கோளாறு வலது கையில. அந்தம்மா இடது பக்கம் தோண்டுறாங்க. லைன் எங்கேருந்து எங்க போவுதுன்னே தெரியல சார். அடைப்பு இருந்தா எனக்குக் கேக்காதா?”

கம்பியை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தார். குமிழ் காதைத் தாண்டி இரண்டடி நீட்டிக்கொண்டு நின்றது. கழுத்தை வளைத்தார். இடுப்பை வளைத்தார். கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். காதும் கூடவே சுற்றியது. “ஒரு கண்ணாடி இருந்தா…” என்று நான் விஞ்ஞானத்துக்கு உதவப் போனேன். ஜஹானாரா பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

“மூளையில இடப்பக்கம்தான் வலது கையை ஆட்டுதாம், டாக்டரம்மா சொன்னாங்க. சத்தம் கேக்குறப்பவே சரி பண்ணணும்னு ஊரெல்லாம் சொல்றீங்கல்ல? ஊர்க் குழாய்க்கு ஒரு நாயம், உங்க கழுத்துக்கு ஒரு நாயமாங்க? நாளைக்குக் கை வரலேன்னா, இந்தக் கம்பிய யாரு புடிப்பா?”

பாய் வலது கையை விரித்துப் பார்த்தார், மூடினார். பிறகு குமிழைச் சட்டையில் துடைத்து ஜஹானாராவின் காதில் வைத்தார். மறுநுனியைத் தன் இடது கழுத்தில் பதித்துக்கொண்டார்.

“மூச்சு விடாம கேளு.”

ஜஹானாரா கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் இருந்த கோபம் காணாமல் போயிற்று. நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

“எந்த எடத்துல?” என்றார் பாய், மெல்ல.

ஜஹானாரா அவர் கழுத்தை நோக்கி விரலை நீட்டினார். பாய் சட்டைப் பையைத் துழாவி, சாக்கட்டியை எடுத்து அவரிடம் நீட்டினார்.